அந்த விசில் உன் பாட்டில் இல்லை

தினேஷுக்கு,

அந்த விசில் உன் பாட்டில் இல்லை. இந்த வரியைப் படித்ததும் கையில் இருக்கிற வேலையை நிறுத்து. லேப்டாப்பை மூடு. மீதியை அதற்குப் பிறகு படி.

இன்று வியாழக்கிழமை. மதியம் உன் அப்பா சவாரியை விட்டுவிட்டு ஆட்டோவை இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்து நீ தங்கியிருக்கிற அறையை எட்டிப் பார்த்தாராம். நான் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். "வேலைக்குப் போவல. லீவு போட்டுட்டுக் குந்திகினு கீறான். பாட்ட ஒவ்வொண்ணா அறுத்துப் போட்டுகினு கீறான். இன்னாடா மிச்சம்னு கேட்டேன். மேளம் மட்டும் கீதுப்பா, அதுலயும் அந்த விசிலு கேக்குதான்னு பாக்குறேன்றான். மூஞ்சே நல்லால்ல." நாலு நாளாக நீ தேடிக்கொண்டிருக்கிற விசில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து தெரியும். நேற்றே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ ரெஜினாவிடம் பாட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் வேறொருவரின் இசையை வைத்துப் படத்தை முடித்துவிடுவாள். அதை அவள் உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அதனால்தான் போனில் பேசி, பாதியில் நீ வைத்துவிடுவாயோ என்று பயப்படாமல், எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வீட்டுக்கு வந்தாய். கம்பெனி பஸ்களில் வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி ரெஜினா எடுத்த படத்தின் கடைசி ஏழு நிமிடத்துக்கான இசை. ஐந்தரை நிமிடம் ஆகியிருந்தது, ஒன்றரை நிமிடம் பாக்கி. உன் அப்பாவுக்கு முன்னாலேயே பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாய், அவர் ஆட்டோவில் ஓட விட. எனக்கு மட்டும் எப்போதும்போல லேப்டாப்பை மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டு போட்டாய். நாற்பது விநாடி போயிருக்கும். நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். நீ நிறுத்தினாய்.

"இன்னாம்மா?"

"விசில் மாதிரி ஒண்ணு கேக்குதுடா."

"எங்க?"

"பூராவும்."

உன் அப்பா வாசலில் இருந்து, "எனக்கு ஒண்ணியும் கேக்கலியே" என்றார். "நீ சும்மா இரு, உனக்கு ஹார்ன் தவிர இன்னா கேக்கும்" என்று அவர் வாயை அடைத்தேன். நீ ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்திக் காட்டினாய். புல்லாங்குழலை எடுத்தாய், இருக்கிறது என்றேன். பஸ் எஞ்சின் சத்தத்தை எடுத்தாய். இன்னும் இருக்கிறது என்றேன். பதினாலு தடவை கேட்டாய், பதினாலு தடவையும் இருக்கிறது என்றேன். கடைசியில் நீ லேப்டாப்பை அறைந்து மூடினாய். "உன் காதுக்கு எதுவும் ஓகே ஆவாதும்மா! ஏழு வருஷமா ஆவல! சனிக்கிழமை இத்த முடிச்சுக் குடுத்துட்டு அப்பிடியே வேலைக்கும் பேப்பர் போடப் போறேன், பாத்துக்கோ!" கதவு இடித்தது. நீ போய்விட்டாய்.

நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அப்போதும் விசில் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரியான வார்த்தை.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் நீ ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சின்ன மோட்டார். லைனின் கடைசியில், சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டில், காதில் ஹெட்போனோடு நான். மோட்டார் ஆறு விநாடி இந்தப் பக்கம் சுற்றும், ஆறு விநாடி அந்தப் பக்கம் சுற்றும். பல் உரசுகிறதா, பேரிங் அழுகிறதா என்று கேட்டு, நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் மேசையில் இரண்டு தட்டு. தட்டினால் வெளியே நிற்கிற பெண் அதை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவாள். பதினோரு வருடமாகத் தட்டுகிறேன். அதற்கு முன் நாலு வருடம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. இத்தனை வருடமும் கான்ட்ராக்ட். மெஷின் ஒன்று வாங்கினால் அந்தக் கூண்டில் ஆளே வேண்டாம். என் சம்பளம் அந்த மெஷினைவிட மலிவு என்பதால்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இதை என் திறமை என்று சூப்பர்வைசர் சொல்லும்போது பெருமைப்பட்டுக்கொண்டேன் பார், அதை நினைத்தால்தான் எரிகிறது.

நேற்று புதன்கிழமை. மாரி என்று ஒரு பெண், தென்காசிப் பக்கம், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். மோட்டாரில் பேரிங் போடுவது அவள். அவளிடமிருந்து வந்த ஒரு டிரே, பன்னிரண்டு மோட்டார். பன்னிரண்டிலும் விசில். பன்னிரண்டையும் தட்டினேன். சூப்பர்வைசர் லைனை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். மாரி ஒரு மோட்டாரை எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"யக்கா, எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா. நான் சரியாத்தான் போட்டேன்."

"பதினோரு வருஷமா அக்கா காது தப்பு சொன்னதில்ல. நீ வந்து நாலு மாசம்" என்றார் அவர். மெமோ எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த டிரேயைப் பார்த்தேன்.

அடுத்த டிரே வேறு பெண் செய்தது. அதிலும் விசில். கை தட்டப் போனது, நின்றது. மோட்டாரைச் சுற்றவிடாமல், ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். விசில் நிற்கவில்லை. இடது காதில், மெல்லியதாக, கம்பியை இழுத்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டில் கேட்ட அதே விசில்.

அதற்குப் பிறகு பத்து டிரே பச்சை போட்டேன். கேட்டுப் போடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மாரி திரும்பிப் போன முகம் கண்ணிலேயே நின்றது, அதனால் போட்டேன். அதுவும் அயோக்கியத்தனம்தான்.

வருடத்துக்கு ஒரு முறை காது டெஸ்ட் வைப்பார்கள். ஒரு வண்டி வரும், ஹெட்போன் மாட்டுவார்கள், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இந்த முறை இடது காதுக்கு வந்தபோது பாதிக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டெஸ்ட் எடுத்தவன் விரல் மெஷினில் அசையும்போதெல்லாம் பட்டனை அழுத்தினேன். பாஸ். கேட்கவில்லை என்று சொன்னால் கூண்டை விட்டு எழுப்புவார்கள், வேறு இடம் தர மாட்டார்கள், கான்ட்ராக்டரிடம் போய்க் கேள் என்பார்கள், கான்ட்ராக்டர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பான். ஒரு ஆளின் காதை எடுத்துக்கொண்டு அவளையே வாய் மூடி இருக்க வைப்பது எவ்வளவு சுலபம் பார். நானும் அதற்குத் துணை நின்றேன்.

டெஸ்ட் எடுத்தவன் விரலை நான் பார்த்தது போல, நீ ஏழு வருடமாக என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இது எனக்கு இன்று மதியம், சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. உனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் முதல் பாட்டைச் செய்து, என் கூட வேலை செய்கிற நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்த நாளில் போட்டுக் காட்டினாய். ஒரு நிமிடம் இருக்கும். நான் இரண்டு தட்டுத் தட்டி, "ரிஜெக்ட்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல தமாஷ் செய்துவிட்டதாக நினைத்தேன். நீயும் சிரித்தாய், அதனால் நீ அதை மறந்துவிட்டாய் என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ கொண்டுவந்த ஒவ்வொரு பாட்டையும் நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் படப் பாட்டைத் தவிர எல்லாம் ஒரு நிமிடம், ஒன்றே கால் நிமிடம். நான் எங்கே தட்டுவேனோ அங்கே முடியும். நீ எடுத்துக்கொண்டு போவாய், அந்த இடத்தைச் சரிசெய்வாய், திரும்ப வருவாய், நான் இன்னும் ஐந்து விநாடி தள்ளித் தட்டுவேன். அப்புறம் நீ அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று ஆரம்பிப்பாய். உனக்குத் திறமை இல்லை என்று நான் நினைத்ததே இல்லை. பொறுமை இல்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் என்னிடம் வரும்போது அது முடிந்த பொருள். அதனால்தான் ஆறு விநாடி போதும். என் நாற்காலி லைனின் கடைசியில் கிடக்கிறது. உன் பாட்டுக்கு மட்டும் அதைக் கொண்டுவந்து முதல் ஸ்டேஷனில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேரிங் கூடப் போடாத மோட்டாரைச் சுற்றிப் பார்த்து, ஓடவில்லை என்று தட்டினால் எந்தப் பொருள்தான் லைனைத் தாண்டும்?

ஒன்றே ஒன்று தாண்டியது. நினைவிருக்கிறதா, சார்ஜர் எரிந்துபோன மாதம்? நீ மதிய ஷிஃப்டில் இருந்தாய். உன் அப்பா காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரகடத்தில் செல்போன் கடையில் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு மேல் கொண்டுவந்து தருவார். பழைய பேட்டரி, ஐம்பது நிமிடம்தான் நிற்கும். "இந்தாடா, உன் அம்பது நிமிஷம். சூடா கீது, ஆறதுக்குள்ள சாப்புடு" என்று கொடுப்பார். நீ பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை தலை தூக்காமல் வேலை செய்வாய். ஒரே பாட்டு. வேறொன்றைத் திறக்க உனக்கு நேரமே இல்லை. நானூறு மேளச் சத்தத்தை இறக்கி வைத்துக்கொண்டு எது நல்லது என்று பார்க்க நேரமில்லை. பாட்டு செய்வது எப்படி என்று எவனோ பேசுகிற வீடியோ பார்க்க நேரமில்லை. முந்தின நாள் பஸ்ஸில் வரும்போதே நாளைக்கு இந்த எட்டு விநாடி என்று போனில் எழுதி வைத்துக்கொள்வாய். பேட்டரி போகும். ஒன்றே காலுக்கு பஸ். எனக்குப் போட்டுக் காட்ட அதில் சார்ஜ் மிச்சமே இருக்காது. அந்த மாதத்தில் ஒரு பாட்டை முழுசாக முடித்தாய், நாலு நிமிடம். அது எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் போட்டார். நீ உன் நண்பனுக்கு அனுப்ப, அவன் அவருக்கு அனுப்பியிருக்கிறான். முன் சீட்டில் இருந்த பெண்கள் "இன்னாண்ணா இது, திருப்பிப் போடு" என்றார்கள். இரண்டாவது முறை ஓடும்போதுதான் அதில் உன் அப்பாவின் ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் தாளத்துக்குள் இருப்பதைக் கவனித்தேன். என் மகன் என்று சொன்னேன். என் கை மடியில்தான் இருந்தது. தட்டவில்லை, ஏனென்றால் தட்டினால் நிறுத்த நீ அங்கே இல்லை.

புதுச் சார்ஜர் வாங்கினோம். மறுபடியும் ஒரு நிமிடப் பாட்டுகள் வர ஆரம்பித்தன.

அதனால் நீ வேலையை விடப் போவதாகச் சொன்னதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். விடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இன்னும் நாலு மாதத்தில் உன் டிரெய்னி காலம் முடிந்ததும் அவர்களே கை குலுக்கி ஒரு சர்டிபிகேட் கொடுத்து கேட்டுக்கு வெளியே விடுவார்கள், உன் இடத்தில் இன்னொரு பத்தொன்பது வயசை நிற்க வைப்பார்கள். நீ விசுவாசமாக இருக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கிடைத்தால் பாட்டு முடிந்துவிடும் என்று நினைக்கிறாய் பார், அது பொய். இந்த நாலு நாளும் உனக்கு நாள் முழுக்கத்தானே கிடைத்தது? என்ன செய்தாய்? இருந்ததை அறுத்தாய். என் தட்டலுக்குப் பயந்து அறுத்தாய், அந்தப் பழியில் பெரும்பங்கு எனக்கு. மீதிப் பங்கு உன்னுடையது. நீ இருபத்து மூன்று வயது ஆள், உன் காதில் விசில் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? மாரி சொன்னாளே. நாலு மாதம் வேலை பார்த்த பெண், மெமோவை முன்னால் வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னாள்.

போன வருடம் எங்கள் ஷாப்பில் ஒரு டை கட்டின ஆள் வந்து கவனம் பற்றி வகுப்பு எடுத்தான். எங்கள் டீ பிரேக்கில் எடுத்தான். மனதை ஒருமுகப்படுத்துங்கள் என்றான். நாங்கள் எட்டரை மணி நேரம் அதைத்தானே செய்கிறோம் என்று யாரோ பின்னால் முனகினார்கள். கதவுள்ள அறையில் தனியாக உட்காருகிறவனுக்குக் கவனம் பற்றிப் பேசுவது எளிது. ஆறு பேர், மூன்று கட்டில், ஷிஃப்டுக்கு ஒருத்தர் மாறிப் படுக்கிற அறையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஒருத்தன் தூங்குகிறான், ஒருத்தன் குளிக்கிறான், ஒருத்தன் வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறான். அந்த அறையைத் தந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் உன் ஒன்றரை நிமிடத்தைச் செய்து தராது. கம்பெனிக்கு உன் கை ஒரு நாளைக்கு நானூறு முறை ஒரே போல்ட்டைத் தப்பில்லாமல் முடுக்குகிறது. அந்தக் கவனம் அவர்களுடையது இல்லையடா, உன்னுடையது. அவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதில் ஐம்பது நிமிடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. உன் அப்பாவின் ஆட்டோவில் இருந்தது. அறுபடாத ஐந்தரை நிமிடம் அதில் அப்படியே இருக்கிறது. கழற்றித் தரமாட்டேன் என்று பெரிய சண்டை. "நாலு நாளா சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து ஒரகடம் வரைக்கும் ஓடிகினு கீது. ஒரு ட்ரிப்புக்கு எட்டுப் பேரு. ஒருத்தனாவது விசிலுன்னு சொன்னானா? ஒரு பொண்ணு எறங்க வேண்டிய இடத்துல எறங்காம முடியட்டும்ணான்னு குந்தியிருந்துச்சு" என்றார். "அப்ப முடியறதுக்கு முன்னாடியே நின்னுடுமே?" என்று கேட்டேன். "ஆமா. பாதியில நின்னுச்சு. இன்னாண்ணா இவ்ளோதானான்னு கேட்டுச்சு. இன்னா சொல்றது?" என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் என்பதுதான் உன் முன்னால் இருக்கிற ஒன்றரை நிமிடம். படத்தில் அந்த நேரத்தில் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள் என்று நீதான் சொன்னாய். இறங்கி எங்கே போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் பதினைந்து வருடமாக அப்படி இறங்கி வந்து உனக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

நாளைக்கு லீவை ரத்து செய்யாதே. ஆனால் நாள் முழுக்க உட்காராதே. அறுத்து வைத்திருக்கிற கோப்பைத் திறக்காதே. சார்ஜரை உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்பு; திரும்பக் கேட்டாலும் தராதே என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கடையில் சார்ஜ் போட்டுக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கொண்டுவந்து தருவார். நாளைக்குச் சவாரி போனால் போகட்டும் என்கிறார். மூன்று ஐம்பது நிமிடம். தொண்ணூறு விநாடி. நீ இதைவிடக் கஷ்டமானதைச் செய்திருக்கிறாய்.

முடிந்ததும் என்னிடம் கொண்டுவராதே. இதுதான் நான் கேட்கிற ஒன்று. முதலில் ரெஜினாவிடம் போகட்டும். அவள் படத்தை ஹாஸ்டலில் அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டும்போது நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், விசிலோடு சேர்த்து.

சனிக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். பத்து மணிக்கு டீ பிரேக்கில் மெடிக்கல் ரூமுக்குப் போய் என் இடது காதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு போவேன், மாரியின் மெமோவைக் கிழிக்க அவர் கையெழுத்து வேண்டும். அந்தப் பத்து டிரேயையும் திரும்பச் சோதிக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை எனக்கு பஸ் வருமா என்றே தெரியவில்லை. உன் அப்பாவுக்கு இன்றுதான் சொன்னேன். "அப்ப நான் ஏழு வருஷமா கரெக்டாத்தான் கேட்டுகினு இருந்தேன்" என்றார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அவர் வெளியே ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹார்ன் அடிக்கிறார். முடிக்கிறேன்.

எங்கள் லைனில் ஒரு லாட் மோட்டார் முடிந்து, பெட்டிகள் ஏறிய வண்டி கதவைத் தாண்டியதும் கடைசியில் நிற்கிற பெண் "போயிடுச்சு" என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்டால்தான் மற்றவர்கள் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை நீ அனுப்பியதும் எனக்கு அந்த ஒரு வார்த்தை போடு. பாட்டைப் போடாதே. நல்லா வந்திருக்கா என்று கேட்காதே. என் போன் லாக்கரில் இருக்கும். இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்து, காது என்ன ஆனாலும், வேலை என்ன ஆனாலும், நான் லாக்கரைத் திறக்கும்போது அது அங்கே இருக்கட்டும்.

அம்மா